உங்களுக்குத் தெரியுமா? மூதாதையரைக் காட்டும் கவுன்டி ஏடுகள்

● அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கியது. ஆனால் 1840 வரை அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதிவானது. மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்ணிக்கைதான்.

● அந்தக் காலத்து மூதாதையரைத் தேடுவோருக்குக் கைகொடுப்பவை கவுன்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்ற ஏடுகளே. உயில், கிரயப் பத்திரம், வரிப் பட்டியல், திருமணப் பிணைப் பத்திரம் எல்லாம் அங்கே கிடைக்கும். மணமாகிப் போன மகளின் புதிய குடும்பப் பெயர் பெரும்பாலும் தந்தையின் உயிலில்தான் அகப்படும்.

● வர்ஜீனியாவின் நார்த்தாம்ப்டன் கவுன்டியில் 1632 முதல் தொடர்ச்சியாக நீதிமன்றப் பதிவுகள் உள்ளன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, விடுதலை பெற்று நிலம் வாங்கிய ஆன்டனி ஜான்சனின் வாழ்க்கை இவற்றில்தான் தெரிகிறது. தீ விபத்தில் உடைமை இழந்த அவருடைய மனைவி மேரிக்கும் இரு மகள்களுக்கும் 1653-இல் நீதிமன்றம் ஆயுள் முழுக்க வரிவிலக்கு அளித்தது.

● ஆனால் எல்லா ஏடுகளும் தப்பவில்லை: உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக் கருதி வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகருக்கு அனுப்பப்பட்ட பல கவுன்டிகளின் ஏடுகள் 1865 ஏப்ரல் தீயில் சாம்பலாயின.

● கவுன்டிகள் பிற்பாடு பிரிக்கப்பட்டாலும் பழைய ஏடுகள் பொதுவாகத் தாய்க் கவுன்டியிலேயே இருக்கும். எனவே இன்றைய வரைபடத்தை நம்பாமல், மூதாதையர் வாழ்ந்த ஆண்டின் எல்லையைப் பார்த்துத் தேட வேண்டும்.