கடற்கரையில் அழுத தாய்



நீங்கள் பிழைப்புக்காக ஊரை விட்டுப் புறப்பட்ட நாளை நினைத்துப் பாருங்கள். ரயில் கண்ணுக்கு மறையும்வரை நின்று, முந்தானையால் கண்களைத் துடைத்த தாயின் முகம் நினைவுக்கு வருகிறதா? 1,600 ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு தாய் அப்படி அழுதார். அவர் பெயர் மோனிக்கா.

இன்றைய அல்ஜீரியா தேசத்திலுள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் அவர். கணவர் பத்ரீசியஸ் கிறிஸ்துவை அறியாதவர், முன்கோபி. மோனிக்கா அவரோடு வாதாடவில்லை. கோபம் தணிந்த பின்பே பேசுவார். அவருடைய நடக்கையின் சாட்சியினாலே கணவர் தம் கடைசிக் காலத்தில் கர்த்தரை ஏற்றுக்கொண்டார்.

மகன் அகஸ்டின் கல்வியில் சிறந்தவர். ஆனால் கார்த்தேஜ் நகரத்துக்குப் படிக்கச் சென்றவர், திருமணமின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்தார். மானி என்பவரின் கள்ள உபதேசத்திலும் ஏறக்குறைய 9 ஆண்டுகள் சிக்கிக்கிடந்தார். மகனோடு பேசும்படி மோனிக்கா ஒரு கண்காணியாரிடம் மன்றாடினார். அவரோ, இவ்வளவு கண்ணீர் சிந்தப்பட்ட மகன் கெட்டுப்போகமாட்டான் என்று தேற்றி அனுப்பினார்.

கி.பி. 383-ஆம் ஆண்டில் அகஸ்டின் ரோமாபுரிக்குப் புறப்பட்டார். தாய் கடற்கரைமட்டும் பின்தொடர்ந்து, போகவிடாமல் பற்றிக்கொண்டார். நண்பனை வழியனுப்பவே வந்தேன் என்று மகன் பொய் சொன்னார். அன்றிரவு தாய் அருகிலிருந்த ஆலயத்தில் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருக்கையில் கப்பல் புறப்பட்டுவிட்டது. விடிந்தபோது மகன் இல்லை.

இங்கே சற்று நில்லுங்கள். மகன் போகக்கூடாது என்பதே அந்த இரவின் ஜெபம். கர்த்தர் அதற்கு இணங்கவில்லை. ஆனால் அந்தப் பயணமே அகஸ்டினை மிலான் நகரத்துக்கும், அங்கே அம்புரோஸ் கண்காணியாரின் பிரசங்கத்துக்கும் கொண்டுசேர்த்தது. அந்த ஓர் இரவின் விண்ணப்பத்தை மறுத்த கர்த்தர், அவர் எந்நாளும் ஏறெடுத்த விண்ணப்பத்தை நிறைவேற்றினார் என்று அகஸ்டினே பின்னாளில் உணர்ந்து எழுதினார்.

மோனிக்காவும் கடல் கடந்து, மகனைத் தேடி மிலானுக்கு வந்தார். 386-இல் ஒரு தோட்டத்தில் ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் வசனங்களை வாசித்த அகஸ்டின் மனந்திரும்பினார். உடனே வீட்டுக்குள் சென்று தாயிடம் அறிவித்தார். 387-இல், உயிர்த்தெழுந்த திருநாளில் ஞானஸ்நானம் பெற்றார்.

அதே ஆண்டு ஊர் திரும்பும் வழியில், ரோமுக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காய்ச்சலாய்ப் படுத்தார். கணவரின் கல்லறைக்கு அருகே தாமும் அடக்கம்பண்ணப்பட வேண்டும் என்று வெகுகாலம் விரும்பியவர் அவர். இப்போதோ, தம் சரீரத்தை எங்கே வைத்தாலும் சரி என்றார். அந்நிய மண்ணில் கிடக்கப் பயமில்லையா என்று கேட்டவர்களுக்கு, தேவனுக்குத் தூரமான இடம் ஏதுமில்லை என்பதே அவருடைய பதில். ஒன்பதாம் நாளில், தம் 56-ஆம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, நகரத்தில் வாழும் நம் வீடுகளில் மரணம் நேரிடும்போது, சரீரத்தை ஊருக்குக் கொண்டுபோவதா, இங்கேயே அடக்கம்பண்ணுவதா என்ற கேள்வி துக்கத்தோடு துக்கமாய் எழுகிறது. அப்போது ஒஸ்தியாவில் மரித்த இந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மாரே, பிள்ளை தூரமாய்ப் போனதனால் உங்கள் ஜெபம் தோற்றுப்போகவில்லை. மறுக்கப்பட்ட ஒரு விண்ணப்பத்தைக் கண்டு முழங்காலை விட்டு எழுந்துவிடாதிருங்கள்.

மகனே, மகளே, தாயிடம் சொன்ன பொய்யை அகஸ்டின் மறைக்கவில்லை. தம் நூலிலேயே அதை அறிக்கையிட்டார். உங்கள் தாய்க்குத் தெரியாமல் நீங்கள் ஏறிய கப்பல் எது? ஊரில் அவர் இன்னும் உயிரோடிருந்தால், இன்றிரவே தொலைபேசியை எடுங்கள். பணம் அனுப்பிய செய்தியோடு நிறுத்தாமல், உண்மையைப் பேசுங்கள். அவர் உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும் வேளையாகவே அது இருக்கக்கூடும்.