டி. கே. சண்முகம்

டி. கே. சண்முகம் (ஏப்ரல் 26, 1912 – பெப்ரவரி 15, 1973) தமிழ் நாடக நடிகரும் திரைப்பட நடிகரும் நூலாசிரியரும் ஆவார். டி. கே. எஸ். சகோதரர்கள் என்று அறியப்பட்ட நால்வருள் இவர் மூன்றாமவர். அவ்வையார் நாடகத்தில் மூதாட்டி அவ்வையாக நடித்துப் பெரும்புகழ் பெற்றமையால் அவ்வை சண்முகம் என்றே அழைக்கப்பட்டார். ஆறு வயதில் மேடையேறிய இவர், இசைப்பாடல்களே நாடகமாக இருந்த காலத்தில் தொடங்கி, உரைநடை நாடகம், பேசும்படம் ஆகிய மாற்றங்கள் அனைத்தையும் கண்டவர். அம்மாற்றங்களைத் தம் நூல்களில் விரிவாகப் பதிவு செய்தவர் என்ற வகையிலும் தமிழ் நாடக வரலாற்றில் இவருக்குத் தனி இடம் உண்டு.

பிறப்பும் குடும்பமும்

சண்முகம் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தை டி. எஸ். கண்ணுசாமிப் பிள்ளை, பெண் வேடங்களில் நடித்த நாடக நடிகர். அக்காலத்தில் இவ்வகை நடிகர்களை 'ஸ்திரீபார்ட்' என்று அழைத்தனர். தாய் சீதை அம்மாள். உடன்பிறந்தவர்களான டி. கே. சங்கரன், டி. கே. முத்துசாமி, டி. கே. பகவதி ஆகிய மூவரும் நாடகத்துறையில் ஈடுபட்டவர்களே. மூத்தவரான சங்கரன் பிற்காலத்தில் குழுவின் நிருவாகத்தைக் கவனித்துக்கொண்டார்.

பாலர் நாடக சபை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் சிறுவர்களை மட்டுமே நடிகர்களாகக் கொண்ட நாடகக் குழுக்கள் பல தோன்றின. இவை 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்டன. சிறுவர்கள் குழுவின் வீட்டிலேயே தங்கி, உண்டு, பாட்டும் வசனமும் கற்று, ஊர் ஊராகச் சென்று நடித்தனர். வறிய குடும்பங்களுக்கு இது பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் வழியாக இருந்தது. ஆயினும் இதற்கு ஈடாகச் சிறுவர்கள் பள்ளிக் கல்வியை இழந்தனர்.

1918ஆம் ஆண்டு சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு மதுரையில் தொடங்கப்பட்ட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சண்முகமும் அவருடைய தமையன்மாரும் சேர்ந்தனர். நாரதர் போன்ற வேடங்களில் சண்முகம் நடிக்கத் தொடங்கினார். சுவாமிகள் (1867–1922) ஏராளமான நாடகங்களை எழுதியவர். 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்று போற்றப்படுபவர். சிறுவன் சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததைச் சண்முகம் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

பாலர் சபையில் நடித்த எந்தச் சிறுவனுக்கும் ஒரு நெருக்கடி காத்திருந்தது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி உச்சக் குரலில் பாட வேண்டும். சிறுவர்களின் குரல் இதற்கு ஏற்றதாக இருந்தது. பருவ வயதில் குரல் உடைவதை நாடகத்துறையினர் 'மகரக்கட்டு' என்றனர். மகரக்கட்டு வந்தபின் பழைய சுருதியில் பாட இயலாமற்போன பல சிறுவர்கள் முதன்மை வேடங்களை இழந்தனர். சிலர் துறையையே விட்டு விலகினர். பாட்டை மட்டுமே நம்பியிராமல், பேச்சாலும் மெய்ப்பாட்டாலும் நடிக்கக் கற்றவர்களே வளர்ந்த பிறகும் நிலைத்து நின்றனர். சண்முகம் அத்தகையவர்.

டி. கே. எஸ். சகோதரர்களின் சபை

1925ஆம் ஆண்டு சகோதரர்கள் தாங்களே மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். நடிகர்களே உரிமையாளர்களாக இருந்த இக்குழு, நாளடைவில் தமிழகத்தின் முதன்மையான நாடகக் குழுக்களுள் ஒன்றாயிற்று.

இக்குழுவின் போக்கை மாற்றியவர்களுள் நாடக ஆசிரியர் எம். கந்தசாமி முதலியார் முதன்மையானவர். இவர் நடிகர் எம். கே. ராதாவின் தந்தை ஆவார். ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் புதினங்களை இவர் மேடைக்கு ஏற்றவாறு அமைத்துப் பயிற்றுவித்தார். புராணக் கதைகளில் அரசரும் தேவரும் பாடிய மேடையில், வழக்கறிஞரும் குமாஸ்தாவும் விதவைப் பெண்ணும் பேசத் தொடங்கினர். இது நடிப்பின் தன்மையையும் மாற்றியது. இசை நாடகத்தில் நடிகர் தம் திறமைக்கேற்பப் பாடலை நீட்டலாம். போட்டிப் பாட்டும் பாடலாம். சமூக நாடகத்திலோ எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்து, உடன் நடிப்பவரின் பேச்சுக்கு இசையப் பேச வேண்டும். எனவே ஒத்திகையும் கட்டுப்பாடும் இன்றியமையாதன ஆயின.

விடுதலைப் போராட்டமும் இவர்களுடைய மேடையில் இடம்பெற்றது. வெ. சாமிநாத சர்மா எழுதிய 'பாணபுரத்து வீரன்' என்னும் நாடகத்தை 1931ஆம் ஆண்டு 'தேசபக்தி' என்ற பெயரில் இவர்கள் அரங்கேற்றினர். சுப்பிரமணிய பாரதியின் பாடல்களும் இதில் பாடப்பட்டன.

என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம், ஏ. பி. நாகராஜன், எஸ். எஸ். ராஜேந்திரன் முதலிய பலர் இக்குழுவில் பயின்று பின்னர்த் திரைத்துறையில் புகழ்பெற்றனர். நாடகக் கலையின் நிலையை ஆராய 1944ஆம் ஆண்டு ஈரோட்டில் நடைபெற்ற நாடகக் கலை மாநாட்டை ஏற்பாடு செய்தவர்களும் இச்சகோதரர்களே.

அவ்வையார்

1940களில் அரங்கேறிய அவ்வையார் நாடகத்தில் சண்முகம் அவ்வையாக நடித்தார். அப்போது அவருக்கு முப்பது வயதளவே ஆகியிருந்தது.

ஆண்கள் பெண் வேடமேற்பது தமிழ் மேடைக்குப் புதிதன்று. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரங்களில் இன்றும் ஆடப்படும் தெருக்கூத்தில் திரௌபதியாக ஆடுபவர் ஆணே. மராத்தி மேடையில் பால கந்தர்வரும் (1888–1967), சீனத்தின் பீக்கிங் இசை நாடகத்தில் மெய் லான்பாங்கும் (1894–1961) பெண் வேடங்களாலேயே பெரும்புகழ் பெற்றனர். மெய் லான்பாங் 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடித்துக் காட்டி, அந்நாட்டு நாடக அறிஞர்களின் கவனத்தைச் சீன மேடையின்பால் திருப்பினார். ஆனால் இவர்கள் இருவரும் பெரும்பாலும் அழகிய இளம்பெண்களாக நடித்தவர்கள். சண்முகம் ஏற்றதோ கூன் விழுந்த முதுமை. ஒப்பனையின் அழகோ ஆடையின் பகட்டோ இதற்கு உதவா. நடை, குரல், கோலூன்றும் கை ஆகியவற்றால் மட்டுமே முதுமையையும், அதனூடே புலமையின் மிடுக்கையும் காட்ட வேண்டும். இளமையில் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பெற்ற தமிழ்ப் பயிற்சி, செய்யுள்களைப் பொருள் விளங்கச் சொல்வதற்கு அவருக்குத் துணைநின்றது.

ஜெமினி நிறுவனம் 1953ஆம் ஆண்டு 'ஔவையார்' திரைப்படத்தை வெளியிட்டபோது அவ்வேடத்தில் கே. பி. சுந்தராம்பாள் நடித்தார். எனவே தமிழ் மக்களின் நினைவில் மேடை அவ்வை சண்முகமாகவும், திரை அவ்வை சுந்தராம்பாளாகவும் நிலைத்துவிட்டனர். மேடை நடிப்பு ஆடிய இரவோடு மறைந்துவிடுவதாலும் திரைப்படம் மீண்டும் மீண்டும் காட்டப்படுவதாலும், பிந்தைய தலைமுறையினர் அறிந்த அவ்வை சுந்தராம்பாள் மட்டுமே. சண்முகத்தின் பெயருக்கு முன்னால் உள்ள 'அவ்வை' என்ற அடைமொழியே அவருடைய நடிப்புக்கு எஞ்சிய சான்று எனலாம்.

திரைத்துறை

தமிழில் பேசும்படம் 1931ஆம் ஆண்டு தொடங்கியது. நடிகர்களும் பார்வையாளர்களும் திரையை நாடியதால் பல நாடகக் குழுக்கள் நலிந்தன. டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையைக் கைவிடாமல் திரையிலும் கால்பதித்தனர். இவர்களுடைய 'மேனகா' நாடகம் 1935ஆம் ஆண்டு ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. புராணப் படங்களே மிகுந்திருந்த அக்காலத்தில் வெளிவந்த தொடக்ககாலச் சமூகப் படங்களுள் இது ஒன்று. என். எஸ். கிருஷ்ணன் முதன்முதலில் திரையில் தோன்றியதும் இப்படத்திலேயே.

வங்காள எழுத்தாளர் நிருபமா தேவியின் புதினத்தைத் தழுவிய 'குமாஸ்தாவின் பெண்' நாடகம் 1941ஆம் ஆண்டு படமாயிற்று. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சி. என். அண்ணாதுரையின் கதை வசனத்தில் 1951ஆம் ஆண்டு வெளிவந்த 'ஓர் இரவு' படத்தில், கடந்த காலத்தில் செய்த குற்றத்தால் வதைபடும் கருணாகரத் தேவராகச் சண்முகம் நடித்தார். 1961ஆம் ஆண்டு பி. ஆர். பந்துலு இயக்கிய 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி கணேசன் வ. உ. சிதம்பரனாராக நடிக்க, இவர் சுப்பிரமணிய சிவாவாக நடித்தார். சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி வெளிவரும் சிவாவின் தோற்றம் இப்படத்தின் நெஞ்சை உருக்கும் பகுதிகளுள் ஒன்று.

அரு. இராமநாதன் எழுதிய 'இராஜராஜ சோழன்' நாடகத்தையும் இவர்களுடைய குழுவே மேடையேற்றியது. அதில் இராஜராஜனாக நடித்தவர் டி. கே. பகவதி. இந்நாடகம், இக்குழுவின் முன்னாள் நடிகரான ஏ. பி. நாகராஜனின் இயக்கத்தில், தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக 1973ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே சண்முகம் காலமாகிவிட்டார்.

எழுத்துப் பணி

முறையான பள்ளிக் கல்வி பெறாத சண்முகம், தமிழ் நாடகத்தின் முதன்மையான வரலாற்றாசிரியர்களுள் ஒருவரானார். அவருடைய 'எனது நாடக வாழ்க்கை' தன்வரலாறு மட்டுமன்று. குழுக்களின் அமைப்பு, நடிகர்களின் அன்றாட வாழ்வு, வெற்றி தோல்விகள், ஊர்களின் வரவேற்பு ஆகியவற்றைக் கூறும் ஆவணமும் ஆகும். இந்நூல் எழுதப்படாதிருந்தால் பாலர் சபைகளைப் பற்றிய செய்திகளுள் பெரும்பகுதி அழிந்திருக்கும். இவருடைய நூல்கள் தமிழ்நாடு அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன.

விருதுகளும் நினைவும்

1962 – சங்கீத நாடக அகாதமி விருது
1971 – பத்மசிறீ விருது

சென்னையில் இலாயிட்ஸ் சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை எனப் பெயரிடப்பட்டது. சிறுவனாக இவருடைய குழுவில் நடித்த கமல்ஹாசன், 1996ஆம் ஆண்டு தாம் மூதாட்டி வேடமேற்று நடித்த திரைப்படத்துக்கு 'அவ்வை சண்முகி' எனப் பெயரிட்டது குறிப்பிடத்தக்கது.

நடித்த திரைப்படங்களுள் சில

மேனகா (1935)
பாலாமணி (1937)
குமாஸ்தாவின் பெண் (1941)
பில்ஹணன் (1948)
ஓர் இரவு (1951)
மனிதன் (1953)
கப்பலோட்டிய தமிழன் (1961)

எழுதிய நூல்களுள் சில

எனது நாடக வாழ்க்கை
தமிழ் நாடகத் தலைமையாசிரியர்
நாடகக் கலை