சரக்கறைக் கணக்கும் கட்டற்ற மென்பொருளும்

வெள்ளாற்றின் அணைக்கட்டால் பெயர் பெற்றதும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் கும்பகோணத்திலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையும் சந்திக்குமிடத்தில் அமைந்ததுமான சேத்தியாத்தோப்பில், சுற்றுக் கிராமங்களில் வீடு எழுப்புவோருக்கு வேண்டிய ஆணி, கீல், தாழ்ப்பாள், பிவிசி பைப், எல்போ, பெயிண்ட், கட்டுக்கம்பி யாவையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் ஹார்டுவேர்ஸ் கடைக்கு, எந்தச் சரக்கு எந்தத் தட்டில் எவ்வளவு கிடக்கிறது என்று மனத்தில் வைத்திருக்கும் முதலாளியின் ஞாபகசக்தியே முக்கிய மூலதனம். அவர் ஒரு முகூர்த்த நாளில் கல்யாணத்துக்குப் போய்விட்டால், உள்ளே இருக்கிற முக்கால் இஞ்சு எல்போவை இல்லையென்று சொல்லிப் பிளம்பரைத் திருப்பியனுப்ப நேர்கிறது.

இக்கடைகளின் கணக்கு மளிகைக் கடைக் கணக்கைவிடச் சிக்கலானது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் வாங்கும் அளவு ஒன்றாகவும் விற்கும் அளவு வேறாகவும் இருப்பதே இங்கே சம்பிரதாயம். வயர் சுருளாக வந்து மீட்டராகப் போகிறது; திருகாணி பெட்டியாக வந்து எண்ணிக்கையில் போகிறது. இரும்புக் கம்பியோ டன்னில் வந்து, வீடு கட்டுபவர் கேட்கும்போது கம்பி எண்ணிக்கையாக மாறுகிறது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும் என்பது கட்டடத் தொழிலில் எல்லோரும் அறிந்த சூத்திரம். அதன்படி 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி ஏறக்குறைய 10.67 கிலோ. இந்த விகிதத்தை ஒரு தடவை பதிந்துவிட்டால், டன்னில் வாங்கியதும் எண்ணிக்கையில் விற்றதும் ஒரே இருப்பில் கழிந்து நிற்கும்படி செய்வதே இருப்பு மேலாண்மை மென்பொருளின் முதல் அனுகூலம். விருத்தாசலத்துப் பீங்கான் சாமான் வந்து இறங்கும்போது உடைசலைத் தனியே கழிக்கவும், குறித்த அளவுக்குக் கீழே இருப்பு இறங்கினால் முன்கூட்டியே எச்சரிக்கவும் அதே கருவி உதவும்.

இவ்வகையில் நம் தேசத்திலேயே உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளின் பூர்வோத்தரம் கவனிக்கத்தக்கது. மும்பையில் தம் குடும்பத்தாரின் மரச்சாமான் தொழிலுக்குத் தகுந்த மென்பொருள் அமையாமல் அவதிப்பட்ட ருஷப் மேத்தா, தாமே எழுதத் தொடங்கி, 2008இல் அதற்கென ஒரு நிறுவனத்தையும் ஸ்தாபித்தார். அதன் மூலநிரல் முழுவதும் குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டிருப்பதால், யாரும் பிரதி எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் வழங்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கொள்கை இதுவே. சிறு வியாபாரிக்கு இதன் பிரயோஜனம் விலையின்மையோடு நிற்பதில்லை: கடனாளிகளின் பட்டியல், கொள்முதல் விலை, லாப விகிதம் ஆகிய அவருடைய அந்தரங்கங்கள் அவர் விரும்பினால் அவர் கடையிலுள்ள கணினியிலேயே தங்கும், வருஷச் சந்தா கட்டத் தவறினால் சொந்தக் கணக்கையே பார்க்கமுடியாத நிலையும் வராது. பெல்ஜியத்தில் தோன்றிய ஓடூ என்ற மென்பொருளும் பிரசித்தமானதே. ஆயினும் அதன் சமூகப் பதிப்பு மட்டுமே கட்டற்றது என்பதை முன்னரே தெரிந்துகொள்ளவேண்டும்.

செலவே இல்லையென்று நம்பி இறங்குவது தவறு. ஈஆர்பிநெக்ஸ்ட் லினக்ஸில் ஓடுவது. நிறுவத் தெரிந்தவர் வேண்டும், மின்தடையைத் தாங்க யுபிஎஸ் வேண்டும், தினமும் நகலெடுத்து வேறிடத்தில் வைக்கவேண்டும். ஆள் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை: பக்கத்து மாவட்டத்தின் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது, 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழிலேயே விளக்கிவருகிறது. அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாமென்பவர்க்கு லிப்ரே ஆபீஸின் விரிதாளே ஆரம்பத்துக்குப் போதும்.

எதில் தொடங்கினாலும் முதல் வேலை பெயரிடுவதுதான். ஒரே பொருளைக் கடைப் பையன் ஒரு பெயராலும் முதலாளி வேறு பெயராலும் பதிந்தால் இருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். ஆகையால் பொருள், அளவு, கம்பெனி என்ற வரிசையை நிர்ணயித்து, ஜிஎஸ்டிக்கு வேண்டிய எச்எஸ்என் எண்ணையும் (பிவிசி பைப்புக்கு 3917, இரும்பு ஆணிக்கு 7317, பூட்டுக்கு 8301) அப்போதே சேர்த்துவிடவேண்டும். கடை முழுவதையும் ஒரே நாளில் ஏற்ற முயல்பவர் பெரும்பாலும் பாதியில் கைவிடுவார். பைப் அலமாரியை மட்டும் எண்ணிப் பதிந்து, ஒரு மாதம் பழைய சிட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் பெயிண்டுக்குப் போகலாம். மார்ச் 31இன் இருப்புக் கணக்கை எப்படியும் எடுக்கிற கடைக்கு, ஏப்ரல் முதல் வாரமே இதற்குத் தகுந்த காலம்.