சுவிச்சையும் மாற்றத்தான் வேண்டுமா?

1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றறி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட விட்டவர்களும் நாங்கள்தான். அந்த டைனமோ பெரும்பாலும் 6 வோல்ற். ஆகவே ‘வோல்ற்’ என்ற சொல்லைக் கண்டு எந்தச் சகோதரியும் பயப்பட வேண்டியதில்லை.

புளியங்கூடலில் ஓர் அக்கா பனங்கட்டியும் ஒடியலும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்வருகிறார். வண்டி, இல்லாமல் போன கணவருடைய பழைய ஹொண்டா 90. 1980களின் தொடக்கம் வரை வந்த ஹொண்டா 50, 70, 90 வண்டிகள் பெரும்பாலும் 6 வோல்ற். பொழுதுபட்டபின் பண்ணைப் பாதையில் இருபுறமும் கடல். முன்லைற்றோ மின்மினி மாதிரி. இப்போது எங்கும் கிடைப்பவை 12 வோல்ற் பற்றறியும் பல்பும்தான். 12க்கு மாற்றித் தரும்படி ஒரு கராஜில் கேட்டார். “சுவிச் எல்லாம் புதுசாப் போட வேணும்” என்று பெரிய தொகை சொன்னார்களாம்.

“தங்கச்சி, அந்தச் சுவிச்சில அவற்ற கை பட்டது. காசும் இல்லை. விட ஏலாதோ?” என்று என்னிடம் கேட்டார்.

நான் சமூகவியல் படித்தவள். தொழிற்பயிற்சி கற்பிக்கும் ஒருவரிடம் விளக்கம் கேட்டு வந்து சொன்னேன். உங்களில் பலருக்கும் உதவும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

சுவிச் என்பது தோட்டத்து வாய்க்காலில் மண்ணை வெட்டித் திறந்து மூடுகிறோமே, அது போன்றது. அதற்குத் தாங்க வேண்டியது அதனூடாக ஓடும் மின்னோட்டம். 25 வாற்ஸ் பல்பு 6 வோல்ற்றில் ஏறத்தாழ 4 அம்பியர் எடுக்கும். அதே வாற்ஸ் பல்பு 12 வோல்ற்றில் 2 அம்பியர்தான். சுமை பாதியாகிறது! எனவே நல்ல நிலையிலுள்ள பழைய சுவிச்சும் வயரும் தாராளமாகப் போதும். எங்கள் உப்புக் காற்றில் உள்முனைகள் பச்சை பிடித்திருக்கும். பற்றறியைக் கழற்றிவிட்டு, மெல்லிய எமரித் தாளால் தேய்த்துத் துடையுங்கள். ‘கூட வெளிச்சம் வேணும்’ என்று 60 வாற்ஸ் பல்பு போட்டால் கணக்கு மாறும்: 5 அம்பியர். பழைய சுவிச் சூடாகும். சின்ன வண்டியின் சுருளும் அவ்வளவு மின் தராது.

மாற்ற வேண்டியவை வேறு. பற்றறி, சிக்னல், பிரேக், மீற்றர் உட்பட எல்லாப் பல்புகளும், சிக்னல் பிளாஷர், ஹோண், சார்ஜ் பண்ணும் ரெக்டிபயர்-ரெகுலேற்றர். ஹோணைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 6 வோல்ற் ஹோணை 12இல் கொடுத்தால் ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டம் இழுக்கும். சூடு நான்கு மடங்காகும். ஹோண் பொத்தானின் முனை கருகிப்போகும். பிறகு பழி சுவிச்சுக்குத்தான் வரும்.

இன்னொன்று. சில பழைய ஹொண்டாக்களில் முன்லைற் சுவிச் லைற்றை மட்டும் போடுவதில்லை. இரவில் சார்ஜ் குறையாமல் இன்னொரு சுருளையும் சேர்த்துவிடும். ரெகுலேற்றர் பூட்டும்போது அந்த வயர் இணைப்பை மெக்கானிக் மாற்றியமைக்க வேண்டும். சுவிச் அதேதான். இதைக் கேட்டுத்தான் வேலை கொடுங்கள். கேட்டால் கோபிக்கிற கராஜ் நமக்கு வேண்டாம்.

(மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 வைத்திருப்போர் குழம்ப வேண்டாம். அவை தொடக்கத்திலேயே 12 வோல்ற். ஆனால் பழையவற்றில் பற்றறியின் பொசிற்றிவ் பக்கம்தான் பொடியோடு இணைந்திருக்கும்.)

அந்த அக்கா ஹோண், பல்புகள், பிளாஷர், பற்றறி, ரெகுலேற்றர் மட்டும் வாங்கினார். கைபிடியில் பழைய சுவிச்சே இருக்கிறது.

வேலை முடிந்ததும் கராஜை விட்டு உடனே வராதீர்கள். எஞ்சினை முறுக்கி, பற்றறியில் மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 14 வோல்ற் அளவில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் பற்றறி கொதிக்கும், பல்பு எரிந்துபோகும்; ரெகுலேற்றரைத் திரும்பப் பார்க்கும்வரை காசு கொடுக்காதீர்கள்.