சூடு பரவும் முன்பே

பினாங்கின் பாயான் லெப்பாஸுக்கு 1972-இல் இன்டெல் வந்தது. அன்றிலிருந்து இந்தத் தீவின் பெரிய தொழில்களில் ஒன்று, வெளிநாட்டில் தயாரான சிலிக்கான் வேஃபரைச் சில்லுகளாக அறுத்து, உறையிட்டு, சோதித்து அனுப்புவது. நம்மவர்கள் பலரும் அங்கே ஷிப்டு பார்க்கிறார்கள்.

அறுப்பதுதான் கண்டம். வேஃபரின் மேல்முகத்தில் செம்புத் தடங்களும் மின்காப்புப் படலங்களும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இன்றைய சில்லுகள் பலவற்றில் அந்த மின்காப்புப் படலம் நுண்துளைகள் மலிந்தது, எளிதில் பொடியக்கூடியது. வைரத்தூள் பதித்த வட்டவாள் பட்டால் செதில் செதிலாக உரியும். விரிசல் சில்லுக்குள்ளேயே ஓடிவிடும். ஆகவே, முதலில் லேசரை ஓட்டிப் படலத்தை அகற்றிவிட்டு, அந்தப் பள்ளத்தில் வாளை இறக்குகிறார்கள்.

நானோநொடி நீளும் லேசர் துடிப்பில் வெப்பம் பக்கத்தில் பரவ நேரம் கிடைத்துவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், பள்ளத்தின் இரு ஓரங்களிலும் உருகி உறைந்த மேடு தெரியும். அதனால் ஃபெம்டோநொடித் துடிப்புகளை நாடுகிறார்கள். ஃபெம்டோநொடி என்பது நானோநொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 100 ஃபெம்டோநொடியில் ஒளியே 30 மைக்ரோமீட்டர்தான் நகரும்.

அவ்வளவு குறுகிய துடிப்பு பாய்ந்தால், ஆற்றலை முதலில் வாங்குபவை எலெக்ட்ரான்கள். அவை பல்லாயிரம் பாகைக்குக் கொதிக்கும்போதும் அணுக்கள் குளிர்ந்தே இருக்கும். எலெக்ட்ரான்களின் சூடு அணுக்களுக்குக் கைமாற ஒரு பிக்கோநொடி முதல் சில பிக்கோநொடிகள் (ஃபெம்டோநொடியைவிட மிக நீண்ட காலம்) ஆகும். அதற்குள் துடிப்பே முடிந்துவிடுகிறது. பட்ட இடம் பெயர்ந்து பறக்கிறது. பக்கத்துப் படலத்துக்குச் சூடு அதிகம் போய்ச் சேர்வதில்லை. ஆனால் துடிப்புகளை மிக நெருக்கமாக அடித்தால் மிச்சச் சூடு சேர்ந்து இந்த ஆதாயம் போய்விடும். இத்தகைய துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் வழியை 1985-இல் இயற்பியலாளர்கள் டோனா ஸ்டிரிக்லாண்டும் ஜெரார் மூரூவும் கண்டார்கள். அதற்காக 2018-இல் நோபல் கிடைத்தது.

இத்தகைய துடிப்பைப் பிறப்பிக்க உதவும் பொருள்களில் என்னை இன்னும் வியக்கவைப்பது, கரியணுக்களால் ஆன கிராஃபீன் படலம். ஒரே ஓர் அணுவின் தடிமன். ஆனாலும் விழும் ஒளியில் 2.3 விழுக்காட்டை விழுங்குகிறது. வலுவான துடிப்பு வந்தாலோ, எலெக்ட்ரான்கள் ஏறி நிற்க வேண்டிய மேல்நிலைகள் நிரம்பிவிடுகின்றன. அதற்குமேல் விழுங்க முடியாமல் ஒளியைக் கடக்கவிடுகிறது. கண்ணாடியிழை லேசரின் வளையத்துக்குள் இதை வைத்தால், சுற்றுக்குச் சுற்று மெலிந்த ஒளி தேய்கிறது, வலுத்தது மட்டும் தப்பிக் கூர்மையாகிறது. மீக்குறுந்துடிப்பு பிறப்பது அப்படித்தான். 2009-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினரும் கேம்பிரிட்ஜ் குழுவினரும் இதைச் செய்து காட்டினார்கள். கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஹரித் அகமது குழுவினரும் கிராஃபீன் போன்ற மிக மெல்லிய இருபரிமாணப் பொருள்களை இதே வேலையில் ஈடுபடுத்தி ஆராய்ந்துவருகிறார்கள்.

இவ்வகைப் பொருள்களில் ஒன்றான கருப்புப் பாஸ்பரஸுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. மூடிக் காக்காவிட்டால் சிதைந்துவிடும். லேசரின் வலுவைக் கூட்டினால் கிராஃபீனுமே கருகக்கூடும். மெல்லிய படலத்தைக் கருகாமல் வெட்ட உதவும் துடிப்பை உண்டாக்க, இன்னொரு மெல்லிய படலம் கருகாமல் தாங்கியாக வேண்டும்.