மோன் தீவின் எழுதாக் கிளவி

மனனமே கல்விக்கு வேர் என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் வற்புறுத்தி வருபவன் நான். சூத்திரத்தைப் பாராமற் சொல்ல இயலாதவனுக்கு உரை விளக்கம் எதற்கு என்பது என் கொள்கை. அக்கொள்கையைச் சற்றே அசைத்தது ஒரு தீவின் வரலாறு.

வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில், மெனாய் என்னும் ஒடுங்கிய நீரிணைக்கு அப்பால் உள்ளது அத்தீவு. ஆங்கிலேயர் அதனை ஆங்கில்சி என்பர். அந்நாட்டார் மோன் என்பர். தானிய வளத்தால் நாட்டையே ஊட்டியமையின், 'வேல்சின் தாய்' என்ற பெயரும் அதற்கு உண்டு.

பண்டைக் காலத்தில் அத்தீவு துரூயிதர் என்னும் குரவரின் உறைவிடமாக விளங்கியது. சமயக் குருமாரும் நீதி வழங்குவோரும் ஆசிரியரும் அவரே. துரூயிதரைப் பற்றி எழுதிய யூலியஸ் சீசர், அவர்தம் மாணாக்கருட் சிலர் இருபது ஆண்டுகள் வரை பயின்றனர் என்றும், கல்வி முழுவதும் செய்யுளாக மனனஞ் செய்யப்பட்டது என்றும் கூறுகிறார். எழுத்தை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் சமயக் கல்வியை எழுதுதல் தகாது எனக் கொண்டனர். ஏட்டை நம்பினால் நினைவு தளரும் என்று அஞ்சினர் போலும் என்பது சீசரின் கருத்து. இதனை வாசித்தபோது, என் கட்சிக்கு ஒரு சான்று கிடைத்தது என மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கி. பி. 60 ஆம் ஆண்டை ஒட்டி உரோமத் தளபதி சுவெத்தோனியஸ் பவுலினஸ் அத்தீவின்மேற் படையெடுத்தான். கரையிலே கரிய உடையணிந்த பெண்கள் தீப்பந்தங்களுடன் ஓடித் திரிந்தனர். துரூயிதர் வானோக்கிக் கையுயர்த்திச் சபித்தனர். அக்காட்சியைக் கண்ட போர்வீரர் கணநேரம் செயலற்று நின்றனர் என வரலாற்றாசிரியர் தசிற்றஸ் வருணிக்கிறார். பின்னர் அவர்கள் பாய்ந்தனர், எதிர்ப்பட்டோர் மாண்டனர், புனிதச் சோலைகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. இருபது ஆண்டுகள் உருவேற்றிய அக்கல்வியில் இன்று ஒரு வரிதானும் நமக்குக் கிடைக்கவில்லை. நெஞ்சே ஏடாக இருந்தமையால், நெஞ்சு நின்றதும் ஏடும் அழிந்தது.

இரும்போ அழியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது விமானத்தளம் அமைப்பதற்காகத் தீவின் சதுப்பு நிலமொன்றைத் தோண்டினர். அங்கே பழைய சங்கிலி ஒன்று அகப்பட்டது. அதன் தொன்மையை அறியாதார் அதனைக் கொண்டு லொறிகளை இழுத்தனர். அறிஞர் ஆராய்ந்தபோது, அது ஈராயிரம் ஆண்டுகட்கு முன் அடிமைகளின் கழுத்திற் பூட்டிய விலங்கு எனத் தெரிந்தது. வாள், ஈட்டி, தேருறுப்பு முதலியனவும் உடன் கிடைத்தன. நீர்நிலையிற் காணிக்கையாக இடப்பட்டவை அவை என்பர். விலங்கு எஞ்சியது, பாட்டு எஞ்சவில்லை.

பிற்காலத்தில் ஆங்கில மன்னன் முதலாம் எட்வேட் வேல்சை அடக்கி, 1295 இல் இத்தீவிலே போமாரிஸ் கோட்டையைத் தொடங்கினான். பொருள் முட்டுப்பட்டதால் அது முற்றுப்பெறாமலே நிற்கிறது. 1826 இல் தோமஸ் தெல்போட் அமைத்த தொங்குபாலமும், 1850 இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாலமும் தீவைப் பெருநிலத்தோடு இணைத்தன. ஆங்கிலம் வருவதற்கும் வழி அகன்றது. எனினும் தீவின் மொழி மடியவில்லை. இம்முறை அதற்கு ஏடு துணை நின்றது.

தீவின் நடுவே, 'புலவர் ஊர்' என்று பொருள்படும் தொடரைத் தன் பெயரிற் கொண்ட சிற்றூர் ஒன்று உண்டு. மொறிஸ் சகோதரர் அவ்வூர் மண்ணினர். 18 ஆம் நூற்றாண்டில் அவர்கள் பழஞ்சுவடிகளைத் தேடினர். மொழி ஆய்ந்து ஓயாது மடல் எழுதினர். அவருள் ரிச்சட் 1751 இல் இலண்டனில் வேல்ஸ் மக்களுக்கெனச் சங்கம் ஒன்று நிறுவினார். அத்தீவில் 1723 இற் பிறந்த கொரொன்வி ஓவன் என்னும் கவிஞர் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்று 1769 இல் அங்கேயே மறைந்தார். அவர் மோனை நினைந்து ஏங்கிப் பாடிய பாக்கள் எழுத்தில் நின்று வாழ்கின்றன.

அதே புலவர் ஊர் தந்த கணித அறிஞர் வில்லியம் யோன்ஸ், வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதத்துக்குப் 'பை' என்னும் குறியீட்டை 1706 இல் வழங்கினார். அவர் மைந்தரே நம்மவர் நன்கறிந்த சேர் வில்லியம் யோன்ஸ். 1786 இற் கல்கத்தாவில் ஆற்றிய உரையிலே, சங்கதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியன ஒரு மூலத்தினின்று தோன்றியிருத்தல் வேண்டும் என்றும், கெல்திய மொழியும் அக்குலத்தது ஆகலாம் என்றும் அவர் உரைத்தார். மோன் தீவின் மொழியும் கெல்தியக் கிளையினதே. தந்தையார் பிறந்த தீவின் மொழிக்கும் எழுதாக் கிளவியாகிய வேதத்தின் மொழிக்கும் உறவுண்டென மகனார் கண்டது வியப்பன்றோ?

2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அத்தீவினருள் நூற்றுக்கு ஏறக்குறைய 56 பேர் தம் மொழியைப் பேச வல்லவர். பத்தாண்டுகட்கு முன் அத்தொகை 57. இவ்வீழ்ச்சி சிறிது, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஏடுகள் நிறைந்திருப்பினும் இளையோர் வாயிற் பயிலாத மொழி தேயும் என்பதையும் மோன் நமக்கு உணர்த்துகின்றது.

இப்பொழுதும் என் மாணாக்கரை மனனஞ் செய்யவே ஏவுகிறேன். ஆனால் மனனம் முடிந்தபின், "இனி எழுதி வை, எழுதியதைத் தம்பி தங்கையர்க்குச் சொல்லிக் கொடு" என்றும் சேர்த்துச் சொல்கிறேன். முன்னர் நான் சொல்லாதிருந்தது அது.