ஆறு தட்டில் இரண்டு தாளம்

மேசையில் விரலால் ஆறு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஒரே வேகம், ஒரே அழுத்தம். ஆறு முடிந்ததும் இடைவெளி விடாமல் மீண்டும் ஆறு. இப்போது வாயால் ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டு தட்டுங்கள். காலுக்கு இரண்டு அடி கிடைக்கும். ‘தக தக தக’ என்று சொன்னால் மூன்று அடி. விரல் செய்வது மாறவில்லை, மேசையில் எழும் ஒலியும் மாறவில்லை. ஆனாலும் கேட்கும் தாளம் வேறாகிவிடுகிறது. இலங்கைக் கல்யாண வீடுகளில் பெரியவர்களையும் கதிரையை விட்டு எழுப்பிவிடும் பைலாவின் உயிர் இந்த ஆறு தட்டுக்குள் இருக்கிறது. அந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற இசைக்குழுக்களில் ஒன்றான ஜிப்சீஸ், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் நிலைத்ததற்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

1969இல் மொறட்டுவையில் அன்ரன் பெரேரா என்ற தந்தை தன் பிள்ளைகளைச் சேர்த்துத் தொடங்கிய குடும்பக் குழு அது. மகன் சுனில் பெரேரா முன்னணிப் பாடகரானார். பீற்றில்ஸ் கேட்டு வளர்ந்த இளைஞர்களின் காலம். கிளரன்ஸ் விஜேவர்தன, மூன்ஸ்ரோன்ஸ் குழுவோடு மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். ஜெட்லைனர்ஸ் குழு நடன மண்டபங்களை நிறைத்துக்கொண்டிருந்தது. ஜிப்சீஸும் ஆங்கிலப் பாடல்கள் பாடியவர்கள்தான். ஆனால் அவர்களின் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவை ‘லிந்த லங்க சங்கமய’, ‘அங்கிள் ஜோன்சன்’, ‘குருமிட்டோ’ போன்ற சிங்களப் பாடல்கள். அரசியல்வாதிகளைப் பாட்டிலேயே கேள்வி கேட்கும் துணிச்சலும் சுனிலுக்கு இருந்தது. 2021 செப்டம்பர் 6ஆம் தேதி அவர் மறைந்தபோது, சிங்களம் தெரியாத வீடுகளிலும் அந்தச் செய்தி துக்கமாகவே வந்தது. தம்பி பியல் பெரேரா குழுவைத் தொடர்ந்து நடத்தினார்.

றொக் இசையில் ட்ரம்ஸ் வாசிப்பவர் பெரும்பாலும் நான்கு எண்ணுவார். இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் அழுத்தம் விழும். அதே மின்கிற்றாரையும் அதே ட்ரம்ஸையும் வைத்துக்கொண்டு ஆறு எண்ணத் தெரிந்ததுதான் இவர்களின் தனித்தன்மை என்பது என் எண்ணம். அந்த எண்ணிக்கை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? விடையின் ஒரு பாதி மட்டக்களப்பு வாவிக்கரையில் கிடைக்கிறது.

வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் விழ, இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. ஆட்சி போனாலும் அவர்கள் வழிவந்த குடும்பங்கள் தங்கிவிட்டன. அவர்களைத்தான் மட்டக்களப்பில் பறங்கியர் என்கிறோம். தச்சு, இரும்பு வேலை, இயந்திரத் திருத்தம் என்று கைத்தொழில்களில் பெயரெடுத்தவர்கள். வீட்டில் அவர்கள் பேசியது போர்த்துக்கேயம். ஆனால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். தமிழோடு பல தலைமுறை புழங்கியதில் அந்த மொழியின் எலும்புக்கூடே தமிழாகிவிட்டதை, மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்த மொழியியலாளர் இயன் ஸ்மித் 1970களில் விரிவாகக் காட்டினார்.

மொழி இவ்வளவு மாறியபோதும் கல்யாண வீட்டு இசை தன் உருவத்தை விடவில்லை. வயலின் மெட்டை எடுக்கும், கிற்றார் தாங்கும், மேளம் ஆறைக் கொட்டும். சோடி சோடியாக நின்று கபிரிஞ்ஞா ஆடுவார்கள், லான்சர்ஸ் ஆடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்ற பிரித்தானிய அரச அலுவலர் சேகரித்த மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாடல்களின் கையெழுத்துப் படி இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஜாக்சன் பின்னர் இந்தப் பாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். 1998இல் போர்த்துக்கலில் அவை இசைத்தட்டாகவும் வெளிவந்தன. கடற்படைகளும் ஆளுநர்களும் போன பிறகு 340 ஆண்டுகள் கழித்து, அந்தத் தேசம் தன் பழைய பாட்டுகளை ஒரு கிழக்கிலங்கை ஊரிலிருந்து திரும்பக் கேட்டது!

கபிரிஞ்ஞாவில் இன்னொரு கண்டத்தின் கையும் உண்டு. போர்த்துக்கேயர் மொசாம்பிக் முதலிய இடங்களிலிருந்து ஆப்பிரிக்கர்களைப் படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தரும் அதையே தொடர்ந்தார்கள். காப்பிரியர் என்று அழைக்கப்பட்ட அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் வாழ்கிறார்கள்; தங்கள் பாட்டுகளைப் பாடுகிறார்கள். மூன்றையும் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடவிடுவது சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்க இசையில் பரவலாகக் காணப்படும் முறை. ஐரோப்பிய வயலினும் ஆப்பிரிக்கத் தாளமும் சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் அடிமைத்தனம் இருந்தது என்பதை இந்தக் குதூகலமான இசையைக் கேட்கும்போது மறக்கக் கூடாது.

மட்டக்களப்பிலிருந்து இந்தத் தாளம் நேரே மொறட்டுவைக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. கபிரிஞ்ஞா தெற்கிலும் மேற்கிலும் பறங்கியரிடையே பாடப்பட்டு வந்தது. 1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் அந்த ஆறு தட்டுக்குச் சிங்களச் சொற்களை ஏற்றினார். பைலா பொதுமக்களின் பாட்டானது அவரால்தான். வானொலியும் இசைத்தட்டும் அதைத் தீவெங்கும் கொண்டுபோயின. எனவே ஜிப்சீஸின் பைலாவும் மட்டக்களப்புக் கபிரிஞ்ஞாவும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். தெற்குக் கிளை மின்சாரம் பூண்டு மேடையேறியது. கிழக்குக் கிளை பழைய சொற்களோடு வீட்டு முற்றத்தில் நின்றது. தமிழில் இதன் சாயல் ‘சுராங்கனி’ வழியாக வந்தது. ஏ.ஈ. மனோகரன், தமிழ்நாட்டில் சிலோன் மனோகர், பாடிய அந்தப் பாட்டின் சொற்கள் புரியாமலே அதற்கு ஆடியவர்கள் எத்தனை பேர்!

பொருள் தெரியாத பாட்டுக்கு உடம்பு ஏன் ஆடுகிறது? மூளையின் ஆழத்தில், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ‘பியூட்டமென்’ என்ற பகுதி இருக்கிறது. கை கால் அசையாமல் படுத்துக்கொண்டு தாளத்தைக் கேட்டாலும், சீரான அடி உள்ள தாளமாக இருந்தால் இந்தப் பகுதி கூடுதலாக இயங்குவதை ஜெசிக்கா கிரானும் மத்தியூ பிரெட்டும் 2007இல் மூளைப் படங்களில் கண்டார்கள். நமக்குத் தாளம் கேட்பது என்பதே பாதி ஆட்டம். மூளை அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே கணிக்கிறது. கணிப்புச் சரியாக வரும்போதும், சற்றே தவறும்போதும் உடம்பு பதில் சொல்கிறது. அந்தத் தவறுதலுக்கும் ஓர் அளவு உண்டு. மரியா விட்டெக்கும் தோழர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மிக நேரான தாளங்களுக்கும் மிகச் சிக்கலான தாளங்களுக்கும் மக்கள் அவ்வளவாக ஆடத் துடிக்கவில்லை. நடுத்தரமாக எதிர்பார்ப்பைக் குலைத்த தாளங்களே அவர்களை அதிகம் எழுப்பின. பைலா அந்த நடுவிடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு அடியாக நடக்கும் பாட்டின் உள்ளே ஒரு மூன்று எட்டிப்பார்த்துவிட்டு மறையும். கால் இரண்டை விடாது. இடுப்பு மூன்றைத் தேடும்.

2005இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஃபிலிப்ஸ்-சில்வரும் லாரல் ட்ரெய்னரும் செய்த ஒரு சோதனைதான் இந்த விடயத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு, எங்கும் அழுத்தமில்லாத ஒரு ஆறு தட்டுத் தாளத்தை ஒலிக்கவிட்டார்கள். பாதிக் குழந்தைகளைத் தூக்கி வைத்து ஒவ்வொரு இரண்டாம் தட்டிலும் குதிக்கவைத்தார்கள்; மறுபாதியை ஒவ்வொரு மூன்றாம் தட்டிலும். பிறகு அதே தாளத்தை, இம்முறை அழுத்தம் சேர்த்து, இரண்டு விதமாகவும் ஒலித்தார்கள். தாங்கள் எப்படிக் குதித்தார்களோ அந்த விதத்தையே குழந்தைகள் அதிக நேரம் கேட்க விரும்பினார்கள். காதில் விழுந்தது எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுதான். எந்தத் தாளமாக அதைக் கேட்பது என்பதை முடிவுசெய்தது, அவர்களைத் தூக்கியிருந்த கை.

மட்டக்களப்புக் கல்யாண வீடுகளை இந்தச் சோதனையோடு சேர்த்துப் பார்க்கிறேன். பேரக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி கபிரிஞ்ஞாவுக்கு அசைந்த பாட்டிமார், அவர்களின் பாட்டிமார். அப்படி முந்நூறு ஆண்டுகள். வீட்டில் பேச்சு மெல்லத் தமிழுக்கு மாறியது, பள்ளிக்கூடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடந்தது, தாத்தாவின் போர்த்துக்கேயம் புரியாத பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆறு தட்டு மட்டும் மொழிபெயர்ப்பே தேவைப்படாமல் இறங்கிவந்தது. இழப்புகளும் சிறியவை அல்ல. யுத்த காலத்தில் பல குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போயின. 2004 டிசம்பர் 26 சுனாமி, கடலோரத்தில் பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார் குடியிருப்பை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் மீண்டும் வயலினை எடுத்தார்கள் என்பதை நான் மரியாதையோடு எழுதுகிறேன்.

அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஊகோ கார்டோசோவும் அவருடைய குழுவினரும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இந்த மொழியை, பாட்டுகளோடும் ஆட்டங்களோடும் காணொளியாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். சொல்லும் மெட்டும் இனி தொலையாது. பெரிய நிம்மதி அது. ஆனால் மக்மாஸ்டர் சோதனைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. கண்ணைக் கட்டிவிட்டுக் குதிக்கவைத்த குழந்தைகளும் தாளத்தைப் பற்றிக்கொண்டார்கள். தாங்கள் அசையாமல், ஆராய்ச்சியாளர் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் உண்டாகவில்லை. ஆகவே பதிவுகளைப் பத்திரப்படுத்துவதோடு, வாவிக்கரைக் கல்யாணங்களில் கைக்குழந்தைகளையும் ஆடுகிறவர்களின் இடுப்பிலேயே விட்டுவையுங்கள் என்றுதான் அந்தக் குடும்பங்களிடம் கேட்பேன்.